பாஸ்டனின் குழல் நாற்காலி

அமெரிக்காவின் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவில் முதன்மைப் புல்லாங்குழல் வாசிப்பவருக்கென்று உள்ள நாற்காலியில் 1918 முதல் 1990 வரை அமர்ந்தவர்கள் இரண்டே பேர். முதல் 34 ஆண்டுகள் பிரான்சிலிருந்து வந்த ஜார்ஜ் லொரானும், அடுத்த 38 ஆண்டுகள் இலினாய் மாநிலத்தில் பிறந்த டோரியட் ஆன்டனி டுவையர் என்ற பெண்மணியும் அந்த இடத்தில் இருந்தார்கள். சிம்பொனி இசைக்குழு ஒன்றில் குழல் வாசிப்பதைப் பிழைப்பாகக் கொள்ள நினைப்பவர் எவராயினும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இதுதான். திறமையும் உழைப்பும் எவ்வளவு இருந்தாலும் இடம் ஒன்று காலியாக வேண்டும். பெரிய இசைக்குழுக்களில் அது தலைமுறைக்கு ஒருமுறை, சில வேளைகளில் இரண்டு தலைமுறைக்கு ஒருமுறைதான் காலியாகிறது. அப்படிக் காலியாகும்போது யாரை அழைப்பது, எப்படித் தேர்வது, வந்தவருக்கு என்ன கொடுப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் பாஸ்டன் நாற்காலி கடந்த நூறாண்டுகளில் விடை சொல்ல வேண்டியிருந்தது. முதல் இரண்டுக்கும் ஓரளவு நேர்மையான விடை கிடைத்தது. மூன்றாவது கேள்வி நீதிமன்றம்வரை போனது.

ஒருவருக்கு ஒரு தாள்

முழு அளவிலான சிம்பொனி இசைக்குழுவில் ஏறத்தாழ நூறு பேர் இருப்பார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வயலின், வியோலா, செல்லோ, டபுள்பாஸ் ஆகிய நரம்பிசைக் கருவிகளை வாசிப்பவர்கள். முதல் வயலின் பகுதியில் மட்டுமே பதினாறு பேர் அளவில் அமர்ந்து ஒரே இசைத்தாளைப் பார்த்து ஒரே வரியை ஒன்றாக வாசிப்பார்கள். ஒருவருடைய வில் ஒரு நொடி சறுக்கினாலும் மற்றவர்களின் ஒலி அதை மூடிவிடும். குழல் பகுதியிலோ மூன்று அல்லது நான்கு பேர்தான் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாள் உண்டு. ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் வாசிப்பதில்லை. ஆகவே குழல்காரர் விடும் பிழை அரங்கத்தின் கடைசி வரிசைவரை அப்படியே கேட்கும்.

அந்த நால்வருக்குள்ளும் படிநிலை உண்டு. தனி வாசிப்புகள் அனைத்தும் முதன்மைக் குழல்காரருக்கு உரியவை. பகுதியின் சுருதி, ஒலியளவு, மூச்சு எடுக்கும் இடம் ஆகியவற்றை முடிவு செய்பவரும் அவரே. இரண்டாம் குழல்காரர் பெரும்பாலும் கீழ் ஸ்தாயியில், முதன்மையானவரின் ஒலிக்கு அடியில் நின்று அதைத் தாங்க வேண்டும். தன் ஒலி தனியாகத் தெரியாமல் வாசிப்பதே அவருடைய வித்தை என்பதால், நன்றாக வாசித்த இரண்டாம் குழல்காரரைப் பற்றி மறுநாள் விமர்சனத்தில் ஒரு வரியும் இராது. பிக்கோலோ எனப்படும் சிறு குழல், பெரிய குழலின் பாதி நீளமே கொண்டு ஒரு ஸ்தாயி மேலே ஒலிப்பது. முழு இசைக்குழுவும் முழங்கும்போதும் அது தனித்துக் கேட்கும் என்பதால் அதற்கென்று துணிச்சல் மிக்க ஒருவர் தனியாக அமர்த்தப்படுவார்.

கருவியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். மூங்கிலில் விரல் எட்டும் இடத்தில்தான் துளையிட முடியும். ஒலி விதிப்படி துளை வேறோர் இடத்தில் இருக்க வேண்டுமென்றாலும் கை அங்கே போகாது. ஐரோப்பிய மரக்குழலுக்கும் இந்தத் தடை இருந்தது. 1794இல் மியூனிக்கில் பிறந்து, பொற்கொல்லர் தொழில் கற்று, அரசவை இசைக்குழுவில் குழல் வாசித்த தியோபால்ட் பெம் என்பவர் இந்தத் தடையைத் தலைகீழாக அணுகினார். ஒலி விதி சொல்லும் இடத்தில் சொல்லும் அளவில் துளையை இட்டுவிட்டு, எட்டாத துளைகளை மூடித் திறப்பதற்கு மெல்லிய தண்டுகளும் விசைகளும் கொண்ட ஏற்பாட்டை அமைத்தார். 1832இல் ஒரு வடிவத்தையும், 1847இல் உருளை வடிவ உலோகக் குழலையும் அவர் வெளியிட்டார். இன்று உலகெங்கும் இசைக்குழுக்களில் காணப்படும் வெள்ளிக் குழலும் பொற்குழலும் அடிப்படையில் அந்த 1847ஆம் ஆண்டுக் கருவியே. பொற்கொல்லரின் கைப்பழக்கமும் குழல்காரரின் காதும் ஒரே ஆளிடம் சேர்ந்திராவிட்டால் இது நடந்திருக்குமா என்பது ஐயமே.

விசைகள் வந்தும் குழலின் அடிப்படைச் சிக்கல் தீரவில்லை. ஓபோ, கிளாரினெட் போன்ற கருவிகளில் ஒலி பிறப்பது நாணல் பட்டையில். ஓபோவின் இரட்டை நாணலை நம் நாகஸ்வரத்தின் சீவாளிக்கு உறவு என்றே சொல்லலாம். குழலுக்குச் சீவாளி கிடையாது. உதடுகளுக்கு இடையிலிருந்து புறப்படும் காற்று, ஊதுதுளையின் எதிர் விளிம்பில் மோதிப் பிளக்கும்போதே ஒலி பிறக்கிறது. காற்றுக்கு எதிர்த்தடை ஏதும் இல்லாததால் மூச்சு விரைவில் தீர்ந்துவிடுகிறது. அதோடு, பலமாக ஊதினால் சுருதி ஏறும், மெல்ல ஊதினால் இறங்கும்; அரங்கம் குளிர்ந்தால் இறங்கும், சூடேறினால் ஏறும். ஒரு சுரத்தை முழு ஒலியில் தொடங்கி, கேட்கிறதா இல்லையா என்ற அளவுக்குக் குறைத்து முடிக்கும் குழல்காரர், அந்தச் சில நொடிகளுக்குள் உதட்டின் கோணத்தையும் காற்றின் வேகத்தையும் இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருக்கிறார். கேட்பவருக்கு அது ஒரே சீரான சுரமாகத் தோன்றுவதுதான் அவருடைய வெற்றி.

இதற்கு மிகக் கடுமையான சோதனை, குளோட் தெபூசி இயற்றிய ஃபான் தேவனின் பிற்பகலுக்கான முன்னிசை. 1894 டிசம்பர் 22 அன்று பாரிசில் முதன்முதலாக வாசிக்கப்பட்ட இந்தப் படைப்பு, துணை ஏதுமின்றி ஒற்றைக் குழலில் தொடங்குகிறது. முதல் சுரம் சி ஷார்ப். பெம் குழலில் இந்தச் சுரத்துக்கு இடக்கைப் பெருவிரல் உட்பட ஏறத்தாழ எல்லா விரல்களும் எழுந்து நிற்க, வலக்கைச் சுண்டுவிரல் மட்டும் ஒரு விசையை அழுத்திக்கொண்டிருக்கும். குழலின் பெரும்பகுதி அப்போது பயன்படாமல் கிடப்பதால் ஒலி மெலிந்தும் சற்றே ஏறியும் நிற்கும். கருவியின் மிகப் பலவீனமான சுரங்களில் அது ஒன்று. கருவியின் உறுதியான சுரங்களை விட்டுவிட்டு இந்தத் தடுமாறும் சுரத்தில் தெபூசி தொடங்கியதில் ஒரு நோக்கம் இருந்திருக்க வேண்டும். அந்த மயக்கம் வேறு எந்தச் சுரத்திலும் வராது. அங்கிருந்து இசை நழுவி ஜி வரை இறங்கி மீண்டும் ஏறுகிறது. இதே அசைவு திரும்பவும் ஒருமுறை வருகிறது. ஓபோவும் கிளாரினெட்டும் யாழும் கொம்பும் வந்து சேரும்வரையிலான இந்த மெதுவான வரியை ஒரே மூச்சில் வாசிப்பதைப் பல குழல்காரர்கள் மானப் பிரச்சினையாகவே கொள்கிறார்கள். இசை நடத்துநர் கையை அசைத்த பின், நூறு பேரும் அரங்கமும் அமைதியாகக் காத்திருக்க, குளிர்ந்த குழலில் முதல் காற்றை அனுப்ப வேண்டியவர் ஒருவர்தான்.

பாரிஸ் பரம்பரை

அந்த 1894ஆம் ஆண்டு இரவில் அதை வாசித்தவர் 18 வயது ஜார்ஜ் பரேர். பாரிஸ் கன்சர்வட்வார் என்னும் அரசு இசைப்பள்ளியில் பால் தஃபனேலின் மாணவர் அவர். தஃபனேல் 1893 முதல் அங்கே குழல் பேராசிரியராக இருந்தவர்; வேகத்தைக் காட்டும் கழைக்கூத்து வித்தையிலிருந்து குழல் வாசிப்பை மீட்டு, ஒலியின் நிறத்துக்கும் சொற்றொடர் போன்ற இசைப்போக்குக்கும் முதலிடம் தந்தவர். அவரும் அவருடைய மாணவர் பிலிப் கோபேரும் சேர்ந்து உருவாக்கிய 17 தினசரிப் பயிற்சிகள் இன்றும் உலகெங்கும் குழல் மாணவர்களின் காலைப் பொழுதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நாற்பது ஆண்டுகள் வாசித்து ஓய்வுபெறப்போகும் முதன்மைக் குழல்காரரும் நாளை நீண்ட சுரங்களோடும் இந்தப் பயிற்சிகளோடும்தான் தொடங்குகிறார்.

பரேர் 1905இல் நியூயார்க் சென்று அங்கேயே தங்கினார். அவரிடம் கற்ற வில்லியம் கின்கெய்ட், 1921 முதல் 1960 வரை ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவின் முதன்மைக் குழல்காரராக விளங்கி ஒரு தலைமுறை அமெரிக்கக் குழல்காரர்களை உருவாக்கினார். 1918இல் பாஸ்டனுக்கு வந்த ஜார்ஜ் லொரானும் பாரிசில் பயின்றவரே. கருவி செய்யும் தொழிலும் பாஸ்டனில் வேரூன்றியிருந்தது. 1888இல் தொடங்கப்பட்ட ஹெய்ன்ஸ் நிறுவனமும், அங்கு வேலை பார்த்துவிட்டு 1927இல் தனிக் கடை போட்ட வெர்ன் பவலும் பாஸ்டனை அமெரிக்கக் குழல் தயாரிப்பின் தலைநகராக்கினார்கள். வெள்ளிக் கரண்டிகளையும் நாணயங்களையும் உருக்கித் தன் முதல் குழலைச் செய்த பவலின் கதையைக் குழல்காரர்கள் இன்றும் சொல்வதுண்டு. இவ்வாறு பாரிசின் வாசிப்பும் பாஸ்டனின் வெள்ளிவேலையும் சேர்ந்த இடத்தில் அந்த முதன்மை நாற்காலி இருந்தது. லொரான் ஓய்வுபெறுகிறார் என்ற செய்தி 1952இல் பரவியபோது நாட்டின் குழல்காரர்கள் எல்லோருடைய கண்ணும் அதன்மேல் விழுந்தது இயல்பே.

இரண்டாம் குழலிலிருந்து

டோரியட் ஆன்டனி 1922இல் இலினாய் மாநிலத்தின் ஸ்ட்ரீட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தாயாரே குழல் வாசிப்பவர். முதல் பாடம் வீட்டிலேயே கிடைத்தது. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பி. ஆன்டனி இவருக்குத் தூரத்து உறவு என்பதைப் பின்னாளில் செய்தியாளர்கள் விடாமல் எழுதினார்கள். சிகாகோ சிம்பொனியின் முதன்மைக் குழல்காரரான எர்னஸ்ட் லீகலிடம் பாடம் கேட்டு, ராச்செஸ்டர் நகரின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் ஜோசப் மரியானோவிடம் பயின்று 1943இல் பட்டம் பெற்றார். இசைக்குழுக்களின் ஆண்கள் இரண்டாம் உலகப்போருக்கு அழைக்கப்பட்டிருந்த காலம் அது. காலியான இடங்களில் பெண்கள் அமர்த்தப்பட்டார்கள். அவரும் வாஷிங்டனின் நேஷனல் சிம்பொனியில் இரண்டாம் குழலாகச் சேர்ந்து, போர் முடிந்ததும் லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மோனிக்கில் அதே இரண்டாம் இடத்துக்கு மாறினார்.

இந்த இரண்டாம் இடத்து ஆண்டுகளை ஏணியின் கீழ்ப்படியாக மட்டும் பார்ப்பது தவறு. இன்னொருவரின் ஒலிக்குத் தன் சுருதியைச் சேர்த்துக்கொண்டே பல ஆண்டுகள் வாசித்தவர், முன்னிருக்கைக்கு வரும்போது தன் பின்னால் இருப்பவருக்கு என்ன தேவை என்பதை அறிந்தவராக வருகிறார். எனினும் அந்தக் காலத்து அமெரிக்காவில் இரண்டாம் குழலில் இருந்த பெண்ணை முதன்மையாக உயர்த்தும் எண்ணம் இசைக்குழு நிர்வாகங்களுக்கு எளிதில் வந்ததில்லை. லாஸ் ஏஞ்சலிசில் அவர் திறனை உணர்ந்தவர் ஜெர்மனியிலிருந்து வெளியேறி அங்கு வாழ்ந்த மேதை புரூனோ வால்டர். ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கின் இசைக்குழுவில் முதன்மைக் குழலாக அவரை அமர்த்திக்கொண்டார்.

1952இல் பாஸ்டனின் இசை இயக்குநராக இருந்தவர் பிரெஞ்சு மரபில் ஊறிய ஷார்ல் மூன்ஷ். அவருடைய குழுவின் ஒலி நரம்பிசையில் தொடங்கிக் குழல்வரை பாரிஸ் வாடை கொண்டது. அந்த ஒலியின் நடுவில் அமர்த்த அவர் தேர்ந்தது பாரிசில் பயிலாத, முப்பது வயதான அமெரிக்கப் பெண்ணை. பெரிய அமெரிக்க இசைக்குழு ஒன்றில் முதன்மை இடம் பெற்ற முதல் பெண் என்று அவரைச் சொல்வதுண்டு; 1941இலேயே சிகாகோவில் ஹெலன் கோட்டாஸ் கொம்பு வாசிப்பில் முதன்மை இடத்தில் அமர்ந்துவிட்டார் என்பதால் அது முழு உண்மையன்று. ஆனால் அந்த இடத்தில் 38 ஆண்டுகள் நின்றவர் என்ற வகையில் டுவையருக்கு இணையில்லை. மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால்தான் அந்த ஆண்டின் பொருள் விளங்கும். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் தன் முதல் பெண் உறுப்பினரைச் சேர்த்தது 1982இல். வியன்னா ஃபில்ஹார்மோனிக், தன்னோடு பல ஆண்டுகளாக யாழ் வாசித்துவந்த அன்னா லெல்கெஸ் என்ற பெண்மணியை முறையான உறுப்பினராக ஏற்றுக்கொண்டது 1997இல்தான். அப்போது டுவையர் ஓய்வுபெற்று ஏழாண்டுகள் ஆகியிருந்தன.

அவருடைய வாசிப்பை இன்றும் கேட்க முடிகிறது. 1912இல் பாரிசில் அரங்கேறிய மோரிஸ் ரவெலின் டாஃப்னிஸ், க்ளோயி நாட்டிய இசையை மூன்ஷும் பாஸ்டன் குழுவும் 1955இல் முழுமையாகப் பதிவு செய்தார்கள். அதன் பிற்பகுதியில் வரும் நீண்ட குழல் தனிவாசிப்பு இந்தத் தொழிலின் மற்றொரு சோதனைச்சாவடி. சுரங்கள் சிற்றலைபோல் ஏறி இறங்க, தாளம் இருப்பதும் தெரியக்கூடாது, இல்லாமலும் போகக்கூடாது. டுவையர் அதை நகாசு வேலையாக ஆக்காமல், ஒருவர் பேசுவதைப்போல, சொல்லுக்குச் சொல் எடை மாற்றி வாசிக்கிறார். அடுத்த ஆண்டு அக்குழு சோவியத் யூனியனில் வாசித்த முதல் அமெரிக்க இசைக்குழுவானது. 1979இல் சீனத்துக்கும் சென்றது. 1964இல் குழுவின் முதன்மைக் கலைஞர்களைக் கொண்டு சிறுகுழு ஒன்று தொடங்கப்பட்டபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் அவரும் ஒருவர்.

மூன்ஷுக்குப் பின் எரிக் லைன்ஸ்டார்ஃப், வில்லியம் ஸ்டைன்பெர்க், செய்ஜி ஒசாவா என இசை இயக்குநர்கள் மாறினார்கள்; குழல் நாற்காலி மாறவில்லை. இசைக்குழுவில் ஓர் இடத்தின் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதற்கு இது சான்று: நடத்துநர் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் போய்விடுவார், குழுவின் ஒலியை நினைவில் வைத்திருப்பவர்கள் முதன்மை வாசிப்பாளர்களே. வால்டர் பிஸ்டன் அவருக்காக எழுதிய கான்செர்டோ, அதாவது தனிக் கருவிக்கும் இசைக்குழுவுக்குமான படைப்பு, 1972இல் அரங்கேறியது. போரில் மாண்ட இளம் இஸ்ரேலியக் குழல்காரர் ஒருவரின் நினைவாக லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் எழுதிய ஹலில், 1981இல் டாங்கிள்வுட் கோடை விழாவில் அமெரிக்காவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது நடத்தியவர் பெர்ன்ஸ்டைன், வாசித்தவர் டுவையர். 1990இல் அவர் விடைபெற்றபோது, இசைக்கான புலிட்சர் பரிசு பெற்ற முதல் பெண்ணான எலன் டாஃப் ஸ்விலிச் அவருக்கென ஒரு கான்செர்டோ எழுதித் தந்தார். பாஸ்டனின் முதன்மைக் குழல் இருக்கை, நிரந்தர அறக்கட்டளை ஒன்றின் பயனாக இப்போது வால்டர் பிஸ்டனின் பெயரைத் தாங்குகிறது. டுவையர் 2020 மார்ச்சில் 98ஆம் வயதில் காலமானார்.

திரை

ஆளைப் பாராமல் ஒலியை மட்டும் கேட்டுத் தேர்வது எளிதாகத் தோன்றலாம். நடைமுறையில் அதற்கு ஒரு துணி தேவைப்பட்டது. முன்பெல்லாம் இடம் காலியானால் இசை இயக்குநர் தனக்குத் தெரிந்த ஆசிரியர்களிடம் சொல்லி அவர்களுடைய மாணவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்வது வழக்கம். பரம்பரை அறுபடாமல் நீண்டதற்கு இது காரணம். பரம்பரைக்கு வெளியே இருந்தவர்கள் உள்ளே வராததற்கும் இதுவே காரணம். 1969இல் இரண்டு கறுப்பினக் கலைஞர்கள், செல்லோ வாசித்த ஏர்ல் மேடிசனும் டபுள்பாஸ் வாசித்த ஆர்ட் டேவிசும், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் தங்களை நிறத்தால் ஒதுக்கியதாக மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார்கள். அதற்குப் பின்னரே திரை போட்டுத் தேர்வு நடத்தும் முறை நாடெங்கும் பரவத் தொடங்கியது. பாஸ்டன் குழு அதை 1950களிலேயே கைக்கொண்டிருந்தது.

இன்றைய நடைமுறை இது. காலியிட அறிவிப்பு இசைக்கலைஞர் சங்கத்தின் இதழில் வெளிவரும். விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் குவியும். அழைக்கப்பட்டவர்கள் தம் செலவிலேயே விமானமேறி வந்து, எண் ஒன்றைப் பெற்றுக்கொண்டு, வெற்று மேடையில் சென்று நிற்பார்கள். இசைக்குழு உறுப்பினர்களே அடங்கிய தேர்வுக்குழு திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும். காலணியின் ஓசை பாலினத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் தரையில் கம்பளம் விரிப்பதும், காலணியைக் கழற்றச் சொல்வதும் உண்டு; ஐயம் கேட்க வேண்டுமானால் உடனிருக்கும் அலுவலர் காதில் மெதுவாகச் சொல்ல வேண்டும், குரல் வெளியே கேட்கக்கூடாது. வாசிக்க வேண்டியவையும் ஏறத்தாழ எங்கும் ஒன்றே: மொசார்ட்டின் கான்செர்டோவின் தொடக்கம், தெபூசியின் முன்னிசை, ரவெலின் தனிவாசிப்பு, பிராம்சின் நான்காம் சிம்பொனியில் கடைசிப் பகுதியின் நடுவே தயங்கித் தயங்கி எழும் வரி, மூச்செடுக்க இடமே தராமல் ஓடும் மெண்டல்சோனின் ஸ்கெர்ட்சோ. முதல் சுற்றில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். இருபதாண்டுப் பயிற்சியில் ஒருவர் வாங்கிய பெயர், பரிசு, ஆசிரியரின் புகழ் எதுவும் துணிக்கு அப்பால் போகாது. இந்தத் தேர்வில் வெல்வதும் முடிவன்று; ஓராண்டோ இரண்டாண்டோ தகுதிகாண் காலம் உண்டு, அதன் முடிவில் சக கலைஞர்களின் கருத்தைக் கேட்டே இடம் நிலையாகிறது.

இந்த முறையின் பயனை அளக்க முயன்ற பொருளியலாளர்கள் கிளாடியா கோல்டினும் செசிலியா ரவுசும் 2000இல் வெளியிட்ட ஆய்வு பெயர்பெற்றது. அமெரிக்காவின் ஐந்து முதன்மை இசைக்குழுக்களில் 1970இல் பெண்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு, 1997இல் 25 விழுக்காடு என்று அது காட்டியது. இந்த உயர்வில் திரையின் பங்கு எவ்வளவு என்று அவர்கள் கணக்கிட்ட விதத்தைப் பின்னர் புள்ளியியலாளர்கள் சிலர் குறைகூறினார்கள். எண்கள் சிறியவை, முடிவுகள் சுற்றுக்குச் சுற்று மாறுபட்டவை என்பது அவர்களுடைய வாதம். அது நியாயமான குறையே. ஆயினும் திரையை நீக்குங்கள் என்பதற்கு அது வாதமாகாது. திரை மட்டும் போதாது என்பதற்கே ஆகும். இறுதிச் சுற்றில் பல குழுக்கள் திரையை எடுத்துவிடுகின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஊதியக் கணக்கு

2004இல் பாஸ்டனின் அதே நாற்காலி காலியாக இருந்தபோது திரைக்குப் பின்னால் வாசித்து வென்றவர் எலிசபெத் ரோ. மயாமியில் இளங்கலைஞர்களுக்கான நியூ வேர்ல்ட் சிம்பொனியில் பயிற்சி பெற்று, ஃபோர்ட் வெய்ன், பால்டிமோர், வாஷிங்டன் என மூன்று நகரங்களின் குழுக்களில் பொறுப்பு வகித்து வந்தவர். ஒரு குழல்காரரின் வாழ்வு ஊர்விட்டு ஊர் பெயரும் வாழ்வு என்பதற்கு இப்பட்டியலே சான்று.

அமெரிக்க இசைக்குழுக்களில் ஊதியம் இரண்டு அடுக்குகளாக அமைந்தது. முதல் அடுக்கு, சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி எல்லோருக்கும் பொதுவான அடிப்படை ஊதியம். பெரிய குழுக்களில் பாஸ்டன்தான் கடைசியாக, 1942இல், சங்கத்துக்குள் வந்தது. இரண்டாம் அடுக்கு, முதன்மை வாசிப்பாளர் ஒவ்வொருவரும் நிர்வாகத்தோடு தனியாகப் பேசிப் பெறும் மேல்தொகை. அந்தப் பேச்சு அறைக்குள் நடக்கும். ஒருவர் பெறுவது மற்றவருக்குத் தெரியாது. திரை போட்டுத் தேர்ந்த குழு, தேர்ந்த மறுகணம் திரையை விலக்கிவிட்டு ஆளுக்கு ஆள் பேரம் பேசியது என்பதே இதன் பொருள்.

ரோவுக்குப் பக்கத்து இருக்கையில் வாசித்தவர் முதன்மை ஓபோ கலைஞர் ஜான் ஃபெரில்லோ. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆப்பராவிலிருந்து 2001இல் பாஸ்டன் வந்தவர். மரக்காற்றுக் கருவிகளின் நடுவில் இவ்விருவரும் அருகருகே அமர்ந்து பெரும்பாலான வரிகளை இணைந்தே வாசிப்பவர்கள். ஃபெரில்லோவின் ஊதியத்தில் ஏறத்தாழ 75 விழுக்காடே தனக்குத் தரப்படுவதாக ரோ கூறினார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புதுப்பிக்கப்பட்ட சம ஊதியச் சட்டம் 2018 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒப்பிடத்தக்க வேலைக்கு ஒப்பான ஊதியம் தர வேண்டும் என்பதோடு, வேலைக்கு வருபவரிடம் பழைய சம்பளம் எவ்வளவு என்று கேட்பதையும் அது தடுத்தது. பழைய குறைவு புதிய வேலையிலும் தொடர்ந்து வருவதை அறுப்பதே இந்த இரண்டாம் விதியின் நோக்கம். சட்டம் வந்த கையோடு ரோ வழக்குத் தொடர்ந்து, நிலுவையாக 2,00,000 டாலருக்கு மேல் கேட்டார்.

நிர்வாகத்தின் பதில் சுவையானது. குழலும் ஓபோவும் ஒப்பிடத்தக்கவை அல்ல. ஓபோ வாசிப்பது கடினம், அதற்கு நல்ல கலைஞர் கிடைப்பது அரிது, கச்சேரிக்கு முன் முழுக்குழுவுக்கும் சுருதி கொடுப்பவர் ஓபோக்காரரே என்று அது வாதிட்டது. இவற்றில் உண்மை உண்டு. ஓபோக்காரர் தன் நாணலைத் தானே செதுக்குகிறார். அதற்கே அவருடைய வாழ்நாளில் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆனால் ஓபோக்காரரின் தொல்லை உள்ளே மிஞ்சி நிற்கும் மூச்சு, குழல்காரரின் தொல்லை போதாத மூச்சு. இவற்றில் எது மூன்றில் ஒரு பங்கு அதிகக் கடினம் என்று அளக்க எந்தத் தராசும் இல்லை. ஃபெரில்லோவே, ரோ தனக்கு எவ்வகையிலும் குறைந்தவரல்லர் என்று வெளிப்படையாக அவர் பக்கம் நின்றார். அதிகம் பெறுபவர் தன் நிர்வாகத்துக்கு எதிராகப் பக்கத்து இருக்கைக்காகச் சாட்சி சொல்வது எந்தத் தொழிலிலும் அடிக்கடி நடப்பதன்று. இந்த வழக்கில் மிக உயர்ந்த செயல் அதுவே எனலாம்.

வழக்கு நடந்த மாதங்களிலும் அவ்விருவரும் மாலைதோறும் அருகருகே அமர்ந்து வாசித்தார்கள். 2019 பிப்ரவரியில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. எவ்வளவு தொகை, என்ன நிபந்தனை என்பது வெளியிடப்படவில்லை. ரோ இருபது ஆண்டு வாசிப்புக்குப் பின் 2024இல் தாமாகவே பாஸ்டன் குழுவிலிருந்து விலகினார். சமரசத்தில் முடிந்துவிட்டதால், முதன்மைக் குழலும் முதன்மை ஓபோவும் சட்டத்தின் கண்ணில் ஒப்பிடத்தக்க வேலைதானா என்ற கேள்விக்கு அந்த வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பு எழுதவில்லை.